இரண்டு நிமிடம்

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அழாமல் கிடக்கும் குழந்தை நலமாக இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். வென்டிலேட்டர் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே இறங்குவதால், அழுதாலும் சத்தம் வராது. வாய் கோணும், முகம் சிவக்கும், அவ்வளவுதான். கர்ப்பத்தின் 26, 27 வாரத்திலேயே பிறந்தவற்றுக்கோ அழவே தெம்பிருக்காது. ரத்தம் எடுக்கக் குதிகாலில் குத்தினால் புருவம் லேசாகச் சுருங்கும், விரல்கள் விரியும், பிறகு உடம்பு துவண்டுவிடும். அந்தத் துவளலைத் தூக்கம் என்று குறித்துவைத்த நாட்கள் எனக்கும் உண்டு.

வலியை அளக்கப் படிவம் இருக்கிறது. புருவம், கண், மூக்கோர மடிப்பு, இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். ஆனால் பாதி முகத்தை பிளாஸ்திரி மறைத்திருக்கும். மஞ்சள் காமாலைக்கு விளக்கு வைத்திருந்தால் கண்ணும் கட்டியிருக்கும். நான் 6 போடும் குழந்தைக்கு அடுத்த ஷிப்டில் வருபவர் 9 போடுவார். இருவரும் பொய் சொல்லவில்லை.

ரத்தம் எடுக்கும்முன் 24 சதவீத சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசலில் சில துளிகளை நாக்கில் விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, கைகால்களை மடக்கி உள்ளங்கையால் அணைத்துப் பிடித்தால் வலி ஓரளவு தணியும். மார்ஃபின் என்ற வலிநிவாரணி போல மூச்சை மந்தமாக்குமோ என்ற பயம் இதில் இல்லை. கிடைக்காதது அந்த இரண்டு நிமிடம்தான். பக்கத்துப் படுக்கையில் அலாரம் அடிக்கும். அணைத்துப் பிடிக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டும்.

"சின்னக் குத்துதானே சிஸ்டர்" என்றார் ஒருமுறை இரவுப்பணி மருத்துவர். நல்ல மனிதர்தான், அவசரம். பச்சிளம் குழந்தைக்கு வலி உறைக்காது என்று நம்பி, 1980கள் வரை போதிய மயக்க மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. 1987இல் ஆய்வாளர்கள் ஆனந்த், ஹிக்கி இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை அந்த நம்பிக்கையைப் பெரிதும் ஆட்டியது. ஆனாலும் அதன் மிச்சம் இப்படி எங்காவது எட்டிப் பார்த்துவிடுகிறது.

"இரண்டே நிமிடம் டாக்டர்" என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், நின்றார். துளி பட்டதும் அந்தச் சின்ன நாக்கு ஒருமுறை சப்பியது. குத்தியபோது என் உள்ளங்கைக்குள் கால் உதைத்தது. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத கால்.

அடுத்த ரத்தப் பரிசோதனை ஆறு மணி நேரம் கழித்து என்று குறிப்பில் இருந்தது. ஷிப்ட் மாறும்போது, சுக்ரோஸ் குப்பியை எந்தத் தட்டில் வைத்திருக்கிறேன் என்பதைத்தான் முதலில் சொன்னேன்.