மஸ்டாங்ல கிளட்ச்சைத் தூக்கிட்டு ஏஓடி போட்டாச்சு

ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுறவங்ககிட்ட போய் மேனுவல் கியர்பாக்ஸை கழட்டிட்டு ஆட்டோமேட்டிக் போடப்போறேன்னு சொல்லிப் பாருங்க, என்ன மரியாதை கிடைக்குதுன்னு தெரியும். ஊர்ல அவனவன் ஆட்டோவை கழட்டிட்டு அஞ்சு ஸ்பீடு போட அலையுறான், நீ என்னடா தலைகீழா போறேங்கிறது தான் எல்லாரும் கேட்டது. கூடப் படிச்ச மச்சான் ஒருத்தன், இங்க மிச்சிகன்ல கேன்டன்ங்கிற ஊர்ல இருக்கான், "மூலவரை வெளிய தூக்கி வச்சுட்டு கோயிலுக்கு ஏசி போடுறியாடா"ன்னு கேட்டான். அவனே அப்புறம் வந்து சனிக்கிழமை சனிக்கிழமை என்கூட வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்தான், அது வேற விஷயம்.

வண்டி 1991 மஸ்டாங் ஜிடி, 5.0 லிட்டர் வி8, 225 குதிரை சக்தி. ஃபாக்ஸ் பாடின்னு சொல்றது இதைத்தான், 1979ல இருந்து 1993 வரைக்கும் வந்த உருவம். நான் இருக்கிறது மிச்சிகன், வண்டி பொறந்த டியர்பார்ன் பிளான்ட் இருந்த இடம் இங்கருந்து கூப்பிடு தூரம், அதனால இதை விக்கிறதுன்ற பேச்சுக்கே இடமில்லை. பிரச்சனை என் இடது முட்டி. சவ்வு தேஞ்சு போச்சு, படி இறங்கினாலே வலிக்கும், கிளட்ச் மிதிக்கிற வேலையை குறைச்சுக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்த வண்டில கிளட்ச் ஹைட்ராலிக் இல்ல, கேபிள், மிதிக்க கால்ல பலம் வேணும். நெடுஞ்சாலைல போனா ஒண்ணும் தெரியாது, ஆனா ஆகஸ்ட்ல உட்வர்ட் ட்ரீம் குரூஸ் நடக்கும் பாருங்க, ஃபெர்ன்டேல்ல இருந்து பான்டியாக் வரைக்கும் பழைய வண்டி எல்லாம் எறும்பூர்றாப்ல போகும், அதுல ரெண்டு மணி நேரம் முதல் கியர், நியூட்ரல், முதல் கியர், நியூட்ரல்னு மிதிச்சுட்டு வந்தா மறுநாள் நடக்க முடியாது. ரெண்டு வருஷம் வண்டி கராஜ்லயே கவர் போட்டு நின்னுச்சு. நிக்க வச்சு கும்பிடவா வாங்கினோம், ஓட்டத்தான வாங்கினோம், அவ்வளவு தான் காரணம்.

சரி வேலைக்கு வருவோம். இருந்தது டி5, அஞ்சு ஸ்பீடு மேனுவல். போட்டது ஏஓடி, நாலு ஸ்பீடு ஆட்டோமேட்டிக், ஃபோர்டு 1980ல கொண்டு வந்தது, மஸ்டாங்ல 1993 வரைக்கும் இதைத்தான் ஆட்டோ கேட்டவங்களுக்கு கொடுத்தாங்க. இதைவிட புதுசா ஏஓடிஈ, 4ஆர்70டபிள்யூ எல்லாம் இருக்கு, நல்ல பெட்டிங்க தான், ஆனா அதுக்கெல்லாம் தனி எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் வேணும். ஏஓடி முழுக்க ஹைட்ராலிக், எண்ணெய் அழுத்தத்துலயே கியர் மாத்தும், கம்ப்யூட்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசாது, அதனால மேனுவல் வண்டிக்கு வந்த ஏ9எல்ங்கிற இன்ஜின் கம்ப்யூட்டரையே வச்சு ஓட்டலாம், நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க.

ஆனா ஒயரிங்ல ஒரு இடம் இருக்கு, கண்டிப்பா சொல்லணும். புகைல இருக்கிற ஆக்ஸிஜனை அளக்கிற சென்சாருக்கு போற ஹார்னஸ், அதாவது ஒயர் கட்டு, மேனுவலுக்கு வேற, ஆட்டோவுக்கு வேற, பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், பிளக்கும் பொருந்தும். சேராத ஜோடியை மாட்டிட்டு சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டருக்குப் போற 12 வோல்ட் கம்ப்யூட்டரோட 46வது பின் வழியா கிரவுண்டுக்கு ஓடும், உள்ள போர்டுல இருக்கிற அந்த மெல்லிசு கோடு எரிஞ்சு போயிடும். சென்சார் எல்லாத்துக்கும் பொதுவான கிரவுண்டு அது தான், அது போச்சுன்னா வண்டி பைத்தியம் பிடிச்ச மாதிரி ஓடும், காரணமே தெரியாது. மல்டிமீட்டர் வச்சு பாத்துட்டு தான் நான் சாவியவே கைல எடுத்தேன். அதே மாதிரி மேனுவல்ல கிளட்ச்சை மிதிச்சா தான் ஸ்டார்ட் ஆகும், அந்த சுவிட்ச் பெடல்ல இருக்கு, பெடலே போகப்போகுதுன்னா அந்த லைனை ஏஓடி பக்கவாட்டுல இருக்கிற நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச்சுக்கு கொண்டு போகணும். சும்மா ரெண்டு ஒயரை முறுக்கி ஷார்ட் பண்ணி விடுறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க, டிரைவ்ல இருக்கும்போது சாவியை திருப்பினா வண்டி சுவத்துக்குள்ள போயிடும், வீட்ல குழந்தைங்க இருக்கிற இடம்.

சாமான் லிஸ்ட் பெருசு. டி5க்கு 157 பல்லு ஃப்ளைவீல், ஏஓடிக்கு அதுக்குப் பதிலா 164 பல்லு ஃப்ளெக்ஸ்பிளேட்ங்கிற மெல்லிசு தகடு, அதுலயும் இன்ஜினோட சமநிலைக்காக வைக்கிற எடை 50 அவுன்ஸ் இம்பாலன்ஸ் உள்ளதா பாத்து வாங்கணும், இதே 5.0வோட பழைய வடிவமான 302 இன்ஜினுக்கு உண்டான 28 அவுன்ஸ் போட்டா இன்ஜின் நடுங்கியே செத்துரும். இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவுல வர்ற தகடு வேற, ஸ்டார்ட்டரோட மூக்கு ஆழம் வேற, கிராஸ்மெம்பர் வேற, பிரேக் பெடல் அகலமா வேற. டி5 ஒரு 75 பவுண்டு இருக்கும், ஒருத்தன் நெஞ்சுல வச்சே இறக்கிடலாம், ஏஓடி எண்ணெய் இல்லாமலே 150 பவுண்டு கிட்ட வரும், டிரான்ஸ்மிஷன் ஜாக் வாடகைக்கு எடுத்துக்கோங்க, வீரம் காட்ட வேண்டாம்.

டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்ச்சுக்குப் பதிலா எண்ணெய் வழியா இன்ஜின் சக்தியை பெட்டிக்கு கடத்துற உருண்டை, அதை ஏத்துறதை மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இங்க தான் நிறைய புது பெட்டி சாகுது. முதல்ல கிராங்க் நுனில டி5க்காக அடிச்சிருக்கிற பைலட் பேரிங்கை உருவி எடுத்துடணும், கன்வெர்ட்டரோட மூக்கு உக்காரப்போற இடம் அது தான். அப்புறம் கன்வெர்ட்டர்ல கொஞ்சம் எண்ணெய் ஊத்தி பெட்டிக்குள்ள மெதுவா சுத்திக்கிட்டே தள்ளணும். ஏஓடில ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு இன்புட் ஷாஃப்ட், அதுபோக ஸ்டேட்டர், அதுபோக பம்ப், ஒவ்வொண்ணுலயும் பல்லு பிடிக்கும்போது கைல ஒரு டக் தெரியும், கன்வெர்ட்டர் கொஞ்சம் உள்ள இறங்கும். கடைசி டக் பம்ப்புது. அது வராம போல்ட்டை முறுக்கி இழுத்தீங்கன்னா முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போதே பம்ப் உடையும். எங்க பக்கத்து வீட்டு பெரியவர், டிரான்ஸ்மிஷன் கடைல காலம் பூரா வேலை பாத்தவர், வேலி ஓரமா நின்னு பாத்துட்டே இருந்தவர், கிட்ட வந்து கைய வச்சு சுத்திப் பாத்துட்டு "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குப்பா"ங்கிற அர்த்தத்துல தலையாட்டினார், நாங்க தள்ளுறதை நிறுத்திட்டு இன்னொரு தடவை சுத்தினோம், டக்னு உக்காந்துச்சு. பெட்டி இன்ஜினோட சேந்ததுக்கு அப்புறமும் கன்வெர்ட்டர் கையால சுத்தணும், லேசா முன்னாடி இழுத்தா வரணும், அது தான் சரியான அடையாளம்.

அடுத்தது டிவி கேபிள். டெலிவிஷன் இல்ல, த்ராட்டில் வால்வ். நீங்க ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீங்கன்னு பெட்டிக்கு தெரியுறது இந்த ஒரு கேபிள் மூலமா தான், அதை வச்சு தான் உள்ள பிரஷர் ஏறும், பெட்டிக்குள்ளயே இருக்கிற கிளட்ச் பிளேட்டெல்லாம் இறுக்கிப் பிடிக்கும். கேபிள் தளர்வா இருந்தா பிரஷர் வராது, பிளேட் வழுக்கும், கொஞ்ச மைல்லயே கருகிடும். ஏஓடி மட்டமான பெட்டின்னு பேர் வாங்கினதுல பாதி பாவம் இந்த கேபிளுக்கு தான் சேரும்னு நான் நினைக்கிறேன். கண்ணளவுல வைக்காதீங்க, பெட்டில டெஸ்ட் போர்ட் இருக்கு, பிரஷர் கேஜ் மாட்டி ஐடில்ல 0ல இருந்து 5 பிஎஸ்ஐக்குள்ள இருக்கான்னு பாருங்க, அப்புறம் அளவுக்கட்டை வச்சு த்ராட்டிலை திறந்தா 35 கிட்ட வரணும். கேபிள் நுனில ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கும், பழசானா நொறுங்கி கேபிளே கழண்டு விழும், அதைத் தூக்கிப் போட்டுட்டு பித்தளை புஷ் போட்டேன், சில டாலர் சாமான், ஒரு முழு டிரான்ஸ்மிஷனைக் காப்பாத்துது.

இப்ப முக்கியமான விஷயம். ஏஓடி போட்டா வண்டி சோம்பேறி ஆயிடும்னு சொல்றாங்களே, அது பொய் இல்ல, ஆனா கணக்கு போட்டுப் பாத்தா காரணம் தெரியும். டி5ல முதல் கியர் விகிதம் 3.35, பின்னாடி ஆக்ஸில்ல என் வண்டில இருந்தது 2.73, பெருக்கினா 9.15. ஏஓடில முதல் கியர் 2.40 தான், அதே 2.73ஓட பெருக்கினா 6.55. சிக்னல்ல கிளம்பும்போது இழுவைல மூணுல ஒரு பங்கு கிட்ட காணாம போச்சு, கன்வெர்ட்டர் கொஞ்சம் ஈடு கட்டும், முழுசா கட்டாது. அதனால பின்னாடி 8.8 இன்ச் ஆக்ஸில்ல 3.73 கியர் போட்டேன், 8.95 வருது, பழைய கணக்குக்கு பக்கத்துல வந்தாச்சு. நாலாவது கியர் 0.67ங்கிறதால 65 மைல் வேகத்துல சுமார் 2100 ஆர்பிஎம்ல போகுது, முன்னாடி 1600 கிட்ட ஓடும், கொஞ்சம் பெட்ரோல் கூடத்தான், பரவால்ல. என் கருத்தை கேட்டீங்கன்னா, ரியர் கியர் மாத்த காசு இல்லைன்னா இந்த வேலையவே கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க. ஸ்பீடோமீட்டர் கேபிள் நுனில இருக்கிற சின்ன கியரையும் சேத்து மாத்தணும், இல்லைன்னா வேகம் தப்பா காட்டும்.

ஓட்ட எப்படி இருக்குன்னு கேக்கிறாங்க. கியர் போடுற சுகம் போச்சு, அதை நான் மறைக்கல, மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்கு இறக்கும்போது வர்ற அந்த சத்தம் ரொம்ப பிடிக்கும் எனக்கு. ஆனா உட்வர்ட்ல பிரேக்கை மட்டும் விட்டு விட்டு போயிட்டு, பக்கத்து சீட்ல வீட்டம்மா, எல்லா வண்டியையும் நின்னு பாத்துட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து படி ஏறினேன், முட்டி ஒண்ணும் சொல்லல. இப்ப அவங்களும் தனியா எடுத்துட்டு போறாங்க, முன்னாடி கிளட்ச்சுக்கு பயந்து தொடவே மாட்டாங்க, இப்ப சாவி எங்கன்னு நான் தேட வேண்டியிருக்கு.

ஷிஃப்டர்ல ஒரு விஷயம் பழகணும், 2ங்கிற இடமே கிடையாது, பி, ஆர், என், ஓடி (ஓவர்டிரைவ், நாலாவது கியர் வரைக்கும்), டி (மூணாவது வரைக்கும்), 1 அவ்வளவு தான். ஏஓடில மூணாவது கியர்ல இன்ஜின் சக்தி ரெண்டா பிரியும், 60 சதவீதம் நேரா இரும்பு ஷாஃப்ட் வழியா, 40 சதவீதம் கன்வெர்ட்டர் எண்ணெய் வழியா, நாலாவதுல முழுக்க ஷாஃப்ட் தான். நாலாவதைப் பிடிக்கிற ஓவர்டிரைவ் பேண்டு, டிரம்மைச் சுத்தி இறுக்குற பட்டை, ஒன்றரை இன்ச் அகலம் தான், பலம் கம்மி. அதனால ஓவர்டேக் பண்ணும்போது, மேடு ஏறும்போது 'டி'ல வச்சுட்டு மிதிக்கிறேன், சமமான ரோட்ல நிதானமா போகும்போது மட்டும் 'ஓடி'ல வைக்கிறேன். 2 இன்ச் பேண்டும் அதுக்கு ஏத்த டிரம்மும் அடுத்த குளிர்காலத்துல போடலாம்னு இருக்கேன், மச்சான் இப்பவே சனிக்கிழமையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டான். டி5ஐ எண்ணெய் வடிச்சு துணி சுத்தி பேஸ்மென்ட்ல வச்சிருக்கேன், அது விற்பனைக்கு இல்ல, கேக்காதீங்க, ஆனா ஸ்டார்ட்டரும் ஃப்ளைவீலும் டெட்ராய்ட் பக்கம் யாருக்காவது வேணும்னா வந்து எடுத்துக்கலாம்.