தாய்ப்பாறை என்று எழுதிய நாள்

அடித்தள ஆய்வுக்காகத் துளையிடும் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், பதினோரு மீட்டர் ஆழத்தில் ரிக் கிரானைட்டில் முட்டி, விரிசலே இல்லாத ஒன்றரை மீட்டர் பாறை உருளை மேலே வந்ததும், பதிவேட்டில் ‘தாய்ப்பாறை’ (மண்ணுக்கு அடியில் தொடர்ந்து செல்லும் கெட்டிப் பாறை) என்று எழுதிவிட்டுத் துளையை மூடச் சொன்னேன். ரிக்கை இயக்கிய மூத்தவர், “சார், இன்னும் மூணு மீட்டர் போயிடலாம்” என்றார். அரை மனதோடு சம்மதித்தேன். அடுத்த அரை மீட்டரிலேயே கருவி சறுக்கிக்கொண்டு இறங்கியது. குழாயைத் திறந்தபோது மஞ்சள் கலந்த சிவப்பில் நெறுநெறுப்பான மண் இருந்தது. நான் தாய்ப்பாறை என்று எழுதியது, சிதைந்த மண்ணுக்குள் சிதையாமல் எஞ்சிக் கிடந்த ஓர் உருண்டைக் கல்.

படித்ததுதான், ஆனால் பார்த்ததில்லை. கிரானைட்டின் பிளவுகள் வழியே இறங்கும் நீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்து மெல்லிய அமிலமாகிறது. பிளவுகளுக்கு இடைப்பட்ட பாறைக் கட்டியின் முகத்தை ஒரு பக்கமும், விளிம்பை இரு பக்கமும், மூலையை மூன்று பக்கமும் அது தாக்குவதால், மூலைகள் முதலில் கரைந்து கட்டி உருண்டையாகிறது. (குளிர் நாடுகளில் உறையும்போது 9 சதவீதம் பருக்கும் நீரே பாறையைப் பிளக்கும், அந்த வேலையை நான் நேரில் கண்டதில்லை.)

அந்த மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கிரானைட்டின் கனிமங்களில் ஒன்றான ஃபெல்ட்ஸ்பாரின் படிகங்கள் வடிவம் மாறாமல் அப்படியே இருந்தன. நகம் பட்டதும் வெள்ளை மாவாக உதிர்ந்தது, அது கயோலின் களிமண்ணாக மாறிவிட்டிருந்தது. கறுப்பு மைக்கா இருந்த இடத்தில் துருக்கறை. குவார்ட்ஸ் மணிகள் மட்டும் விரலை உறுத்தின. ஒரு மெல்லிய குவார்ட்ஸ் நரம்பு குலையாமல் குறுக்கே ஓடியது. பாறையின் அமைப்பு முழுவதும் இருக்க, வலிமை மட்டும் போய்விட்டிருந்தது. வேரும் மண்புழுவும் இந்த அமைப்பைக் கலைத்து, மக்கையும் சேர்த்த பிறகுதான் அது மேல்மண்ணாகிறது. தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் மேடுபள்ள அமைப்பு, தாய்ப்பொருள், காலம் என்று மண்ணியல் அறிஞர் ஹான்ஸ் ஜென்னி 1941-இல் தொகுத்த, மண் உருவாவதற்கான ஐந்து காரணிகளில், துளைப் பதிவு எழுதுபவர்கள் காலத்தைத்தான் எளிதில் மறந்துவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

சிதைவு பாறையை இருந்த இடத்திலேயே பிரித்துவைக்கிறது. கொண்டுபோவது அரிப்பின் வேலை. ஓட்டம் தளரும்போது ஆறு முதலில் மணலை இறக்குகிறது, 0.004 மில்லிமீட்டருக்கும் சிறிய களித்துகள்கள் அசையாத நீரை அடையும் வரை மிதந்து செல்கின்றன. கரைந்துபோன கால்சியம் கடலில் சிப்பிகளின் ஓடாகி, பின்னர் சுண்ணாம்புக்கல்லாகிறது. ஒரே கிரானைட்டின் மணலும் களியும் இப்படித் தனித்தனியே படிந்து, மேலே சேரும் பாரத்தில் இறுகி, மணற்கல்லாகவும் களிக்கல்லாகவும் மாறுகின்றன.

பல ஆண்டுகளுக்குப் பின், வேறொரு பணியிடத்தில், கூர்முனை மழுங்காத இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் நிறைந்த மணற்கல் உருளை ஒன்று பெட்டிக்கு வந்தது. ஃபெல்ட்ஸ்பார் நெடுந்தூரப் பயணத்தையும் நீண்ட சிதைவையும் தாங்காது. ஆகவே மூலப் பாறை அருகிலேயே இருந்து, மணல் விரைவாகப் புதைந்திருக்க வேண்டும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டபோது மணிகளுக்கு இடையே நுரைத்தது. மணிகளைப் பிணைத்திருந்தது கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். நிலத்தடி நீர் அதைக் கரைக்கக்கூடும் என்று அறிக்கையில் குறித்துவிட்டு, இன்னும் மூன்று மீட்டர் துளையிடச் சொன்னேன்.