ஆயாவுக்குக் காசிமேடு போகணும்

என் ஆயாவுக்கு 81 வயது. ரொம்ப காலம் காசிமேட்டில் மீன் விற்றவர், இப்போது தண்டையார்பேட்டையில் எங்களோடு இருக்கிறார். கொஞ்ச நாளாகவே ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. குடத்தைப் பிடித்தால் கை நழுவுகிறது. தெருமுனை போய் வருவதற்குள் அசந்து உட்கார்ந்துவிடுகிறார். "வயசாச்சு, அவ்ளோதான்" என்றார்கள் அக்கம்பக்கத்தில். எனக்கு மனசு ஒப்பவில்லை.

முதியோர் மருத்துவரிடம் போனோம். தானாக எடை குறைவது, தீராத அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது என்று ஐந்தைப் பார்த்தார். மூன்று இருந்தாலே ஃப்ரெயில்ட்டி, அதாவது உடல் நலிவு. லிண்டா ஃப்ரைட் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 2001இல் வகுத்த கணக்கு இது. ஆயாவுக்கு நான்கு இருந்தது. கவனித்தால் ஓரளவு தேற்றலாம் என்றார்.

அப்புறம் என்னை விட்டுவிட்டு ஆயாவிடம் திரும்பினார். "பாட்டி, மறுபடி என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?"

ஆயா யோசிக்கவே இல்லை. "காசிமேட்டுக்குப் போயி, செவுள தூக்கிப் பாத்து நானே மீனு வாங்கணும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார்கள். நின்றதும் மேல் அளவு 20க்கு மேல் இறங்கியது, காலையில் தலை சுற்றுவது அதனால்தான். மாத்திரை ஒன்றைக் குறைத்தார். இந்த உடம்புக்குச் சர்க்கரையையும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம், லோ சுகரில் விழுந்து இடுப்பு முறிந்தால் எழுப்புவது கஷ்டம் என்றார். (டாக்டரைக் கேட்காமல் நாமாக எதையும் நிறுத்தக் கூடாது.)

சிறுநீரகம் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, எடையில் கிலோவுக்கு தினம் 1 முதல் 1.2 கிராம் புரதம் சொன்னார். ஆயா 45 கிலோ. டீயும் பொறையும் எப்படிப் போதும்? முட்டை, மீன், சுண்டல் என்று தினம் ஏதாவது உண்டு.

பயிற்சி, கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும் என்பதால் சுவரோரம் மரபெஞ்சு போட்டிருக்கிறேன். ஆறு குடித்தனத்துக்கும் பொதுவான கக்கூஸ், போகிற வழியெல்லாம் பாசி. வீட்டுக்காரரிடம் மல்லுக்கட்டித்தான் கைப்பிடியும் பல்பும் வந்தன. பாசி தேய்ப்பதைக் குடித்தனக்காரர்கள் முறை வைத்துச் செய்கிறார்கள்.

இப்போது தெருமுனைக்குத் தடியோடு போய் வந்துவிடுகிறார். காசிமேடு போக ஏற வேண்டிய ஷேர் ஆட்டோவின் படிதான் உயரம். அதை அளந்து வைத்திருக்கிறேன், அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட்டிடம் அதற்கென்றே பயிற்சி கேட்க வேண்டும்.