ஜூன் லேக் போகக் கிளம்பி லோன் பைன்ல நின்ன கதை

நேத்து ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தோம். துணி மூட்டை ஹால்லயே கிடக்குது, ஐஸ்பாக்ஸ் இன்னும் கழுவல. ஆனா இத இன்னைக்கே எழுதிடணும், ரெண்டு நாள் போனா கோவம் ஆறிடும், அப்புறம் எல்லாத்தையும் நல்லபடியா மட்டும்தான் எழுதத் தோணும்.

முதல்ல ரூட், அப்புறம் செலவு, அப்புறம் எங்க சாப்பிட்டோம்னு வரிசையா எழுதறதா ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லியிருந்தேன், முயற்சி பண்றேன்.

நாங்க அஞ்சு பேரு. நான், வீட்டுக்காரர், 11 வயசுப் பொண்ணு, 7 வயசுப் பையன், அப்புறம் நாமக்கல்ல இருந்து வந்திருக்கற மாமா, அதாவது மாமனார். அத்தை போனதுக்கப்புறம் அவர் இங்க வர்றது இதுதான் முதல் தடவை. கலிஃபோர்னியால இர்வைன்ல எங்க அபார்ட்மெண்ட்டுக்குள்ளயே உக்காந்து உக்காந்து மனுஷன் சோர்ந்து போயிட்டாரு, அதனால ஒரு நாலு நாளு மலைப்பக்கம் கூட்டிட்டுப் போலாம்னு ஜூன் லேக்ல ஓ ரிட்ஜ் கேம்ப்கிரவுண்டுல இடம் போட்டோம். ஆறு மாசம் முன்னாடி காலைல ஏழு மணிக்கு லேப்டாப் முன்னாடி உக்காந்து, பட்டன அமுக்கி அமுக்கி வாங்கின இடம் அது. ஏரிக்கரைல மணல் இருக்கும், பிள்ளைங்க தண்ணியில இறங்கலாம், சுத்தி சியரா மலை.

மாமாவுக்கு வயசு 68, டென்ட்டுல தரையில படுக்க வைக்க மனசு வரல. அதனால ஒரு ட்ராவல் ட்ரெய்லர் வாடகைக்கு எடுத்தோம், 17 அடி, கார் பின்னாடி கட்டி இழுக்கற குட்டி வீடு, உள்ளயே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், டாய்லெட். ஒரு நைட்டுக்கு 120 டாலர், நாலு நைட், க்ளீனிங்குக்கு 85, அது போக டெபாசிட் 1000 டாலர். ஓனர் அம்மா ஒரு மணி நேரம் எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, டாய்லெட் எப்படிக் காலி பண்றது, கால்மிதில மணல் ஒட்டியிருந்தா எவ்வளவு பிடிப்போம், ஸ்பூன் ஒண்ணு குறைஞ்சா எவ்வளவு பிடிப்போம். வீல் பேரிங்குக்கு, அதான் சக்கரம் உராயாம சுத்தறதுக்கு உள்ள இருக்கற உருளை வளையத்துக்கு, எப்போ கிரீஸ் வச்சோம்னு மட்டும் சொல்லல, எங்களுக்கும் கேக்கத் தெரியல. ட்ரெய்லர் வாடகைக்கு எடுக்கறவங்க வேற எது கேட்டாலும் கேக்காட்டியும் இத கண்டிப்பா கேளுங்க, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பேரிங்கக் கழட்டிப் பாத்து கிரீஸ் மாத்தணும், பில்லு இருந்தா காட்டச் சொல்லுங்க.

வியாழக்கிழமை காலைல கிளம்பி 14ம் நம்பர் ஹைவேல ஏறி மோஹாவே ஊரத் தாண்டி 395ம் நம்பர் ஹைவேயப் பிடிச்சோம். கலிஃபோர்னியால ட்ரெய்லர் இழுத்துட்டுப் போனா 55 மைலுக்கு மேல போகக் கூடாது, அதனால 350 மைலுக்குப் பக்கம்னா நாள் முழுக்க ஓட்டணும். கோசோ ஜங்ஷன் ரெஸ்ட் ஏரியா வரைக்கும் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

அந்த ரெஸ்ட் ஏரியால நாங்க எல்லாம் பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள மாமா ட்ரெய்லர சுத்தி வந்துட்டு இருந்தாரு. முப்பது வருஷம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினவரு, டீக்கு நிறுத்தினா டீ குடிக்கறதுக்கு முன்னாடி எல்லா டயரையும் கம்பியால தட்டிப் பாத்து, ஒவ்வொரு சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்புலயும் புறங்கைய வச்சுப் பாக்கணும், அது அவருக்கு ரத்தத்துலயே ஊறினது. வலது பக்கம் குனிஞ்சு கைய வச்சவரு வெடுக்குன்னு எடுத்துட்டாரு.

"டேய் தம்பி, இந்தப் பக்கம் ஹப்பு கை வைக்க முடியலடா. அந்தப் பக்கம் தொட்டுப் பாரு, வெதுவெதுன்னுதான் இருக்குது."

வீட்டுக்காரரும் தொட்டுப் பாத்தாரு. ஓடி வந்தா கொஞ்சம் சுடத்தான் செய்யும், பிரேக்கும் அங்கதானே இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுடணும். மாமா சொன்னது அதுதான். ஓனர் அம்மாவுக்கு ஃபோன் போட்டோம். "பாலைவனம், வெளிய நூறு டிகிரி, எல்லாம் சூடாத்தான் இருக்கும், கவலைப்படாம போங்க"ன்னு சொல்லிட்டாங்க. மாமா ஒண்ணும் பேசாம கார்ல ஏறி உக்காந்தாரு. அப்பவே நாங்க அங்கயே நின்னிருக்கணும், முப்பது வருஷம் அனுபவம் பக்கத்துல இருக்கறப்ப ஃபோன்ல இருக்கறவங்க பேச்ச நம்பினது தப்பு, இத நான் அவர்கிட்டயும் சொல்லிட்டேன்.

பதினஞ்சு மைல் கூடப் போயிருக்க மாட்டோம், ஒலாஞ்சா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. கர்ர்ர்னு இரும்பு அரைபடற சத்தம், கருகின கிரீஸ் நாத்தம், கண்ணாடில பாத்தா வலது பக்கம் புகை. மெதுவா ஓரம் கட்டி இறங்கினா வீல் மேல் பக்கம் உள்ள சாஞ்சு நிக்குது, நடுவுல இருக்கற மூடி கழண்டு எங்கயோ போயிடுச்சு, அந்த ஓட்டைல இருந்து கறுப்பா எண்ணெய் வழியுது. நான் பதட்டத்துல தண்ணி கேன எடுத்துட்டு ஓடினேன், மாமா கைய நீட்டித் தடுத்துட்டாரு, "ஊத்தாத அம்மிணி, பழுத்த இரும்புல தண்ணி பட்டா வெடிச்சுப் போயிரும்".

அடுத்தது அவர் பண்ணினது, ரெண்டு பெரிய கல்லப் பொறுக்கிட்டு வந்து நல்லா இருக்கற இடது வீலுக்கு முன்னயும் பின்னயும் வச்சாரு. அப்புறம் ஊர்ல லாரி நின்னா ரோட்டுல மரக்கிளை வெட்டிப் போடுவாங்கல்ல, அதுக்காக அந்தப் பொட்டக்காட்டுல இடுப்பளவு இருந்த ஒரு புதர உடைச்சுட்டு வந்து இருபதடி பின்னாடி வச்சாரு. வீட்டுக்காரர் அதுக்கும் பின்னாடி சிவப்பு முக்கோணத்த வச்சாரு. ரெண்டும் ஒண்ணா நின்னத பொண்ணு ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கா.

மூணு மணி நேரம் அங்க நின்னோம். பிள்ளைங்கள ரோட்ட விட்டு நல்லா தள்ளி, குடைய விரிச்சு உக்கார வச்சு, எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் குடுத்தேன். எதிர்ல வெள்ளை வெளேர்னு ஒரு பெரிய பொட்டல், அது ஓவன்ஸ் லேக். ஏரிதான், ஆனா லாஸ் ஏஞ்சல்ஸ்காரங்க 1913ல கால்வாய் வெட்டி அந்த ஆத்துத் தண்ணியக் கொண்டு போயிட்டாங்க, பத்துப் பதினஞ்சு வருஷத்துல ஏரி வத்தி உப்பும் புழுதியும்தான் மிச்சம். இத மாமாகிட்ட சொன்னேன். காவேரிய வெறும் மணலா பாத்தவரு, ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பாத்துட்டு, "நம்ம வீட்டுல வர்ற குழாத்தண்ணி இதுவா கண்ணு?"ன்னு கேட்டாரு. இர்வைனுக்கு வேற வழியாத்தான் தண்ணி வருதுன்னு சொன்னேன், அவருக்கு அது சமாதானமா படல.

இப்ப டோ வண்டி, அதான் நின்னு போனத இழுத்துட்டுப் போற வண்டி. எங்க ரோட்சைட் மெம்பர்ஷிப்ப நம்பி ஃபோன் போட்டா காருக்கு மட்டும்தான் கவராம், ட்ரெய்லருக்குத் தனி பிளான் எடுத்திருக்கணுமாம். வருஷா வருஷம் காசு கட்டறோம், ஒரு தடவை கூட இத யாரும் சொன்னதில்ல, உங்க பிளான இன்னைக்கே எடுத்துப் பாருங்க. வேற ஒருத்தர தேடிப் பிடிச்சோம், ஃபோன்ல 450னு சொன்னவரு வந்து இறங்கினதும் 640ன்னாரு. கேட்டா வேலை நேரம் முடிஞ்சு போச்சு, அதுக்கு எக்ஸ்ட்ரான்னாரு. அப்போ மணி சாயங்காலம் நாலரை! ஒர்க் ஷாப் இருக்கற ஊரு லோன் பைன், அது வரைக்கும் இருபது மைல் சொச்சம். ரெண்டு சின்னப் பிள்ளைங்க, ஒரு வயசானவரு, சுத்தி ஒரு மரம் இல்ல, டோக்காரருக்கும் அது தெரியும், எங்களுக்கு வேற வழி இல்லன்னு தெரிஞ்சேதான் கேட்டாரு. குடுத்தோம். ரசீதுல "வேலை நேரம் முடிந்த பின்"னு எழுதி நேரத்தையும் எழுதச் சொல்லி வாங்கி வச்சிருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி மோட்டல்ல ஒரே ரூம்ல அஞ்சு பேரு, 219 டாலர். விட்னி மலை ஏற வர்றவங்க கூட்டம், அதுவே கடைசி ரூம்.

மறுநாள் காலைல ஒர்க் ஷாப்புல மெக்கானிக் வீலக் கழட்டினாரு. இந்த மனுஷன பத்தி நல்லபடியா எழுதியே ஆகணும். மாமா பக்கத்துல போய் நின்னதும் கைய வச்சு விலக்காம, டார்ச்ச அவர் கைல குடுத்துட்டாரு. ஒருத்தருக்குத் தமிழ் தெரியாது, இன்னொருத்தருக்கு இங்கிலீஷ் ரொம்ப கம்மி, ஆனா பேரிங், கிரீஸ், சீல், ஆக்சில் எல்லாம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே. பேரிங் உருளைங்க நொறுங்கி இரும்புத் துகளா கொட்டுச்சு. உள் வளையம் ஸ்பிண்டில்லயே, அதான் சக்கரம் மாட்டற ஆக்சில் முனையிலயே, உருகி ஒட்டிட்டு, அந்த ஸ்பிண்டில் மயில் கழுத்து நிறத்துல நீலமா இருந்துச்சு. அப்புறம் மாமா சைகைல கேட்டதுக்காக நல்லா இருந்த இடது பக்கத்தையும் கழட்டினாரு. அங்க இருந்த கிரீஸ நகத்தால சுரண்டினா அடுப்புக்கரி மாதிரி பொலபொலன்னு உதிருது. மாமா என் கைல கொஞ்சம் தேய்ச்சு விட்டாரு, வழவழப்பே இல்ல. "ரெண்டு மூணு வருஷம் கையே வைக்கல இதுல"ன்னாரு. மெக்கானிக்கும் அதையேதான் எழுதிக் குடுத்தாரு. புது பேரிங் செட்டு முப்பது நாப்பது டாலர் சமாச்சாரம், ஆனா ஸ்பிண்டில் போச்சுன்னா ஆக்சிலையே மாத்தணும், ஆர்டர் பண்ணி வர எட்டுலேர்ந்து பத்து நாளாகும்.

ஓனர் அம்மா இப்ப என்ன சொல்றாங்கன்னா நாங்க ஓவர்லோடு பண்ணிட்டோமாம். வீட்டுலயே தண்ணி டேங்க நிரப்பினது உண்மை, 30 கேலன், அதுவே 250 பவுண்டு வரும், அத நான் மறைக்கல. ஆனா டேங்க நிரப்பிட்டுப் போங்கன்னு சொன்னதே அவங்கதான், மெசேஜ் இருக்கு. கழுவாத வாணலிக்கு ரேட்டு வச்சிருக்கறவங்க, அஞ்சு பேர் உசுரு உருளற சக்கரத்துக்கு ஒரு டப்பா கிரீஸ் வைக்கல. 55ல போனதால தப்பிச்சோம். வீல் முழுசா கழண்டு எதிர்ல வர்ற காருக்குள்ள போயிருந்தா?

சரி, நல்ல விஷயத்துக்கு வர்றேன்.

ஜூன் லேக் வேண்டாம், டென்ட் வாங்கிட்டு இங்கயே இருந்துடலாம்னு முடிவு பண்ணி 60 மைல் தள்ளி பிஷப் போனோம். வழியில மன்சனார். 1942ல ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள குடும்பம் குடும்பமா அடைச்சு வச்ச முகாம், ஒரு சமயத்துல பத்தாயிரம் பேர் இங்க இருந்திருக்காங்க. பாதிக்கு மேல இங்கயே பொறந்த குடிமக்கள். பின்னாடி கல்லறை கிட்ட ஒரு வெள்ளைத் தூண், அதுல கலர் கலரா காகிதக் கொக்கு மாலை. பையன் பாக்கெட்ல இருந்த ரசீதுத் தாள எடுத்து அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒரு கொக்கு மடிச்சு அங்க வச்சான். ட்ரெய்லர் நல்லா இருந்திருந்தா இந்த இடத்த 55 மைல்ல தாண்டிப் போயிருப்போம்.

பிஷப்ல டென்ட், பாய் எல்லாம் சேத்து 190 டாலர். எரிக் ஷாட்ஸ் பேக்கரில ஷீப்ஹெர்டர் பிரெட் வாங்கினோம், ஸ்பெயின்-ஃபிரான்ஸ் எல்லைப் பக்கத்துல இருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் ஆளுங்க பாணி ரொட்டி, கூட்டம் அதிகம்தான், ஆனா சுடச்சுட வாங்கி கார்லயே பிச்சுத் தின்னோம், பாதி ரொட்டி லோன் பைன் வந்து சேரல.

தங்கினது டியாஸ் லேக், லோன் பைனுக்குத் தெக்க மூணு மைல். 1872ல வந்த பெரிய நிலநடுக்கத்துல நிலம் இறங்கி உண்டான ஏரியாம். கரைல டென்ட்டப் போட்டு, ஐஸ்பாக்ஸ்ல காப்பாத்தி வச்சிருந்த கோழிய மாமா எடுத்தாரு. பள்ளிபாளையம் சிக்கன். மசாலா கிடையாது, வெங்காயம் நறுக்க விடல, சின்ன வெங்காயம் இங்க அவ்வளவு விலை விக்குது, அத ஒரு பை உரிச்சு வச்சிருந்தேன். எண்ணெயில வரமிளகாயக் கிள்ளிப் போட்டு, விதைய உதறிட்டு, கறிவேப்பிலை, வெங்காயம், கோழி, மஞ்சள், உப்பு, கடைசில பல்லுப் பல்லா கீறின தேங்காய். ஒத்த பர்னர் அடுப்பு, காத்துல அணைஞ்சு அணைஞ்சு எரியுது, பையன் அட்டைய மறைப்பாப் பிடிச்சுட்டு நின்னான். பக்கத்து டென்ட்ல மீன் பிடிக்க வந்த தாத்தா வாசனைக்கு எட்டிப் பாத்தாரு, அவருக்கும் ஒரு தட்டு. அந்தக் கோழிக்கும் பிஷப் ரொட்டிக்கும் அப்படி ஒரு பொருத்தம்! அத்தை போனதுக்கப்புறம் மாமா சமைச்சு நான் பாத்தது இதுதான் முதல் தடவை.

காலைல அஞ்சரைக்கு எழுந்தா எதிர்ல சியரா முழுக்க ரோஸ் கலர், அப்புறம் ஆரஞ்சு. எல்லாரும் முன்னாடி பெருசா நிக்கற மலையத்தான் விட்னின்னு நினைப்பாங்க, மாமாவும் அதத்தான் காட்டினாரு. அது லோன் பைன் பீக், கிட்ட இருக்கறதால உசரமாத் தெரியுது. விட்னி அதுக்கு வலது பக்கம் பின்னாடி, ஊசி ஊசியா இருக்கறது, 14,505 அடி, அலாஸ்காவ விட்டுட்டா அமெரிக்காலயே உசரம். பொண்ணு அவர் விரலப் பிடிச்சு சரியான இடத்துக்குத் திருப்பி விட்டா. அலபாமா ஹில்ஸ் பாறைங்க நடுவுல மோபியஸ் ஆர்ச்ங்கற கல் வளைவு வரைக்கும் மாமாவே நடந்து வந்தாரு, கீழ படுக்கறது கஷ்டமா இருக்கான்னு மூணு நாளும் கேட்டேன், லாரிக்கடில படுத்தவன் நான்னு சொல்லிட்டாரு. இதுக்காகவா 120 டாலர் வாடகை குடுத்தோம்னு எனக்கு மனசு அடிச்சுக்குது.

செலவு சொல்றேன்னு சொன்னேன்ல. டோ 640, மோட்டல் 219, டென்ட் 190, மெக்கானிக் 180, ஆக மொத்தம் 1229 டாலர், வாடகைக்கு மேல. ஜூன் லேக் புக்கிங்ல முதல் நைட் காசும் போச்சு. டெபாசிட் ஆயிரம் இன்னும் வரல. மெக்கானிக் எழுதிக் குடுத்தது, உதிர்ந்த கிரீஸ் ஃபோட்டோ, மெசேஜ் எல்லாம் அனுப்பியாச்சு, விடறதா இல்ல.

மாமாவுக்கு ஆகஸ்ட் 20 டிக்கெட். அதுக்குள்ள ஒரு நாளாவது ஜூன் லேக்க காட்டிடணும், டென்ட்தான் இருக்கே. யாராவது கேன்சல் பண்ணா இடம் காலியாகும்னு இன்னைக்கு விடிகாலைலயே பாத்தேன், ஒண்ணும் இல்ல, நாளைக்கும் பாப்பேன்.