மக்கள் தொடர்பு, சமூக ஊடகம்: பத்து மதிப்பெண் கேள்வியை எழுதும் விதம்

தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் வணிகத் தகவல் தொடர்பு படிப்பவர்கள் அதிகம் படிக்காமல் போகும் அலகு இது. நாள் முழுக்க வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறோம் என்ற தைரியம். விடைத்தாளில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் என்று வரிசையாக நன்மை தீமை எழுதிவிட்டு வருவார்கள். கேள்வி கேட்பதோ வேறு: யாருக்கு, எதை, எந்த வரிசையில் சொல்வது?

கோட்பாட்டுக்கு இரண்டு போதும். மக்கள் தொடர்புப் பணிக்கு ஜான் மார்ஸ்டன் 1963-இல் தந்த நான்கு படிகள்: ஆய்வு, செயல், தகவல் தொடர்பு, மதிப்பீடு. கிரூனிக்கும் ஹண்டும் 1984-இல் வகுத்த நான்கு மக்கள் தொடர்பு மாதிரிகள். இவற்றை ஒப்பிப்பதைவிடப் பொருத்திக் காட்டுங்கள். அட்மின் மட்டும் பதிவிடும் அலுவலக வாட்ஸ்அப் குழு, தகவல் ஒரு பக்கமாகவே போகும் பொதுத்தகவல் மாதிரி. ஊழியர் சொன்னதைக் கேட்டு நிர்வாகமும் தன் முடிவை மாற்றிக்கொண்டால் அது இருவழிச் சமச்சீர் மாதிரி.

சூழல் கேள்விக்கு இந்த மண்ணிலேயே பயிற்சி எடுக்கலாம். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் முட்டிக்கொள்ளும் அக்டோபர்; கொள்முதல் நிலையத்தில் நெல் நனைவதாக ஒரு வீடியோ பரவுகிறது; மக்கள் தொடர்பு அலுவலர் நீங்கள். பலர் எழுதும் முதல் வரி, "அது பழைய வீடியோ என்று மறுப்பு வெளியிடுவேன்." அங்கேயே விடை சாய்ந்துவிடும். நிலையத்தில் விவசாயிக்குத் தந்த டோக்கனைத் தேதியோடு யாராவது பதிவிட்டால் மறுப்புதான் அடுத்த செய்தியாகும். எந்த நிலையம், எந்த நாள், எத்தனை மூட்டை, தார்ப்பாய் இருந்ததா என்று நிலையத்தில் கொள்முதல் கணக்கை எழுதும் பட்டியல் எழுத்தரிடம் முதலில் கேட்க வேண்டும். அதற்குள், "தகவல் கிடைத்துள்ளது, நேரில் ஆய்வு நடக்கிறது, மாலை 4 மணிக்கு விவரம் தரப்படும்" என்று மூன்றே செய்திகளில் ஓர் இடைக்கால அறிவிப்பு. காரணம், பழி எதுவும் அதில் வரக்கூடாது.

இந்த அறிவிப்பு வெளியே போகும் முன் உள்ளே போக வேண்டும். விவசாயி முதலில் கேட்பது பட்டியல் எழுத்தரையும் சுமைதூக்குபவரையும்தான். அவர்கள் ஆளுக்கொன்று சொன்னால் அதுவும் வீடியோவாகும். கொள்முதல் நெல்லுக்கு ஈரப்பத வரம்பு வழக்கமாக 17 சதவீதம், தளர்த்துவது மத்திய அரசின் கையில். ஆகவே, "நனைந்த நெல் முழுவதும் எடுக்கப்படும்" என்று எழுதினால், அதிகாரமில்லாமல் தந்த வாக்குறுதி. கருத்துகளை நீக்குவதாகவும் எழுதாதீர்கள். நீக்கியதன் ஸ்கிரீன்ஷாட்தான் சுற்றும்.

செய்தி வெளியீட்டில் தலைப்பு, இடம், நாள், பிறகு முதல் பத்தியிலேயே முழு விஷயம். இடம் போதாத நாளிதழ் கடைசியிலிருந்துதான் வெட்டும்.

எக்ஸ் பதிவு கேட்டால் வழக்கமான கணக்குக்கு 280 எழுத்துக்குறி எல்லை. தமிழில் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். 'தஞ்சாவூர்' நமக்கு ஐந்தெழுத்து, அங்கே ஒன்பது. ஆகவே நீளமான துறைப்பெயரைப் பதிவுக்குள் திணிக்க வேண்டாம், கணக்கின் பெயரே அதைச் சொல்லும்.

மூன்று மணி நேரத்தில் 75 மதிப்பெண் என்றால் பத்து மதிப்பெண்ணுக்கு 24 நிமிடம் வரும். அதில் நான்கு நிமிடம் வரிசையை ஓரத்தில் பென்சிலால் குறிக்கப் போகட்டும். வெளியீட்டின் கீழே கையொப்ப இடத்தில் சொந்தப் பெயரோ கல்லூரிப் பெயரோ எழுதிவிடாதீர்கள், விடைத்தாளில் அது அடையாளக் குறியாகிவிடும். 'மக்கள் தொடர்பு அலுவலர்' என்ற பதவிப் பெயர் போதும்.