கேசட்டிலிருந்து கைப்பேசிக்கு: திருப்புகழ்ப் பாடல்களுக்கு நேரக்குறியோடு வரிகள் சேர்த்த அனுபவம்

தை, முதல் வாரம்

மார்கழி பஜனை முடிந்த கையோடு அம்மா இந்த வேலையை என் தலையில் கட்டினார். மதுரை திருநகரில் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடித் திருப்புகழ் பாடுவது வழக்கம். கண்புரை அறுவைக்குப் பிறகு அம்மாவுக்குப் புத்தகத்தின் பொடி எழுத்து பிடிபடவில்லை. கைப்பேசியில் பாட்டு ஓடும்போதே வரியும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றார். பாட்டு என்று அவர் சொன்னது கடையில் விற்ற ஒலிநாடாவை அன்று. அப்பாவும் அவருடைய நண்பர்களும் ஆர்மோனியமும் ஜால்ராவுமாகப் பாடி, வீட்டு டேப்ரிக்கார்டரில் பதிந்து வைத்த ஆறு கேசட்டுகளைத்தான். அப்பா காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கேசட்டுகள் பரணில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன.

கேசட்டில் கை வைப்பதற்கு முன், முறை பழகுவதற்காகக் கணினியில் ஏற்கெனவே இருந்த சினிமாப் பாட்டுகளில் தொடங்கினேன். நேரக்குறியிட்ட வரிகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது எல்ஆர்சி என்ற கோப்பு. அது வெறும் எழுத்துக் கோப்புதான், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சதுர அடைப்புக்குள் நிமிடம், நொடி, நொடியில் நூற்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் [00:17.40] என்பதுபோல நேரம் இருக்கும். பாட்டுக் கோப்பின் பெயரையே இதற்கும் வைத்து, அதே கோப்புறையில் போட்டுவிட்டால், இந்த வசதி உள்ள இசைச் செயலி தானே எடுத்துக்கொள்ளும். எல்ஆர்சிலிப் என்ற இலவசத் தொகுப்பில் இப்படிப்பட்ட வரிகளைத் தேடி எடுக்கலாம். எல்ஆர்சிகெட் என்ற கணினி மென்பொருள் ஒரு கோப்புறை முழுவதற்கும் அந்தத் தேடலைச் செய்துவிடும்.

முதல் ஓட்டத்தில் எனக்கு அநேகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. குறை என் கோப்புகளில்தான் இருந்தது. தேடல் நடப்பது பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், ஓடும் நேரம் ஆகிய நான்கையும் வைத்து. என் கோப்புகளிலோ பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எந்தக் காலத்திலோ இறக்கிய ஏதோ ஒரு தளத்தின் முகவரி இருந்தது. எம்பி3டேக் மென்பொருளில் இரண்டு இரவுகள் உட்கார்ந்து பெயர்களைத் திருத்திய பிறகு பாதிக்கும் மேல் வந்தன. ஓடும் நேரத்தை அந்தத் தொகுப்பு இரண்டு நொடி வித்தியாசத்துக்குள் பார்ப்பதை முதலில் வீண் கெடுபிடி என்று நினைத்தேன். ஒரே பாட்டின் இசைத்தட்டு வடிவமும் படத்தில் வரும் வடிவமும் தொடக்க இசையின் நீளத்திலேயே வேறுபடுகின்றன. சில பாட்டுகளில் ஒரு சரணமே கூடுதலாக இருக்கிறது. நேரக்குறி பாட்டைச் சேர்ந்தது அன்று, அந்த ஒரு பதிவைச் சேர்ந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

தை, மூன்றாம் வாரம்

கேசட்டுகளை ஓட்டுவதற்கு வீட்டு டேப்ரிக்கார்டரையே தூசி தட்டி, ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, கணினியோடு இணைத்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தேன். முதல் கேசட்டின் ஏ பக்கத்தில் ஐந்து பாட்டுகள் இருந்தன. ஐந்துக்கும் வரி தட்டச்சு செய்து, பாட்டைக் கேட்டுக்கொண்டே வரிக்கு வரி விசையைத் தட்டி நேரம் குறித்து முடித்துவிட்டேன். அப்பாவின் குரல் கொஞ்சம் கனத்துக் கேட்டது. நாடா பழையதாகிவிட்டது என்று நினைத்து அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாவது கேசட்டில் வேகம் கண்ணுக்குத் தெரியும்படியே ஏறி இறங்கியதால், டேப்ரிக்கார்டரை விளக்குத்தூண் பக்கம் ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே இருந்த ரப்பர் பெல்ட்டை விரலால் இழுத்துக் காட்டினார். அது இழுத்த இடத்திலேயே தொய்ந்து நின்றது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பெல்ட் தொய்ந்தால் அந்த வேகம் குறையும். பாட்டு நீளும், சுருதியும் இறங்கும். புது பெல்ட் போட்டு முதல் கேசட்டைத் திரும்பப் பதிந்தபோது, முன்பு 6 நிமிடம் 12 நொடி ஓடிய பாட்டு 6 நிமிடம் 5 நொடியில் முடிந்தது. குரலும் அப்பாவின் குரலாக இருந்தது. ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு வேக வித்தியாசம் என்பது அரைக்கட்டையில் மூன்றில் ஒரு பங்கு சுருதிதான். ஆனாலும் வீட்டு ஆள்களின் காதுக்கு அது தெரிந்துவிடுகிறது.

முன்பு குறித்த நேரங்கள் எல்லாம் இதனால் தவறிப்போயின. எல்ஆர்சி கோப்பின் தலையில் ஆஃப்செட் என்று ஒரு வரி சேர்த்து, மொத்த வரிகளையும் இத்தனை மில்லிநொடி முன்னோ பின்னோ தள்ள முடியும். அதைத்தான் முதலில் செய்தேன். முதல் வரி சரியாக உட்கார்ந்தது; நடுப்பாட்டில் மூன்றரை நொடி பிந்தியது; கடைசி வரிக்கு முறை வரும்போது பாட்டே முடிந்திருந்தது. தள்ளுவது வேறு, சுருக்குவது வேறு என்பதை அரைநாள் வீணாக்கித் தெரிந்துகொண்டேன். தொடக்கத்தில் ஐந்து நொடி வெறுமை கூடியதுதான் சிக்கல் என்றால் தள்ளினால் போதும். வேகமே மாறியிருந்தால் ஒவ்வொரு நேரத்தையும் ஒரே விகிதத்தால் பெருக்க வேண்டும். 365 நொடியை 372 நொடியால் வகுத்தால் 0.981 வருகிறது; விரிதாளில் நேரங்களை நொடிகளாக மாற்றி இந்த எண்ணால் பெருக்கியபோது 3 நிமிடம் 6 நொடியில் நின்ற வரி 3 நிமிடம் 2.5 நொடிக்கு நகர்ந்து, பாடகரின் வாயோடு பொருந்தியது. ஐந்து பாட்டுகளின் உழைப்பும் அப்படியே மிஞ்சியது. ஆஃப்செட் வரியை எல்லாச் செயலிகளும் மதிப்பதில்லை என்பதால், வெறும் தள்ளலைக்கூட இப்போது விரிதாளிலேயே செய்து, நேரங்களையே மாற்றி எழுதிவிடுகிறேன்.

மாசி

வரிகளைத் தட்டச்சு செய்யும் வேலையில் அப்பா பாதியை முன்பே முடித்திருந்தார் என்பது எதிர்பாராத வரவு. பழைய கணினியின் வட்டில் 'பஜனை' என்ற கோப்புறை இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரே குப்பை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது புரியும்: அந்த முறையில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குடியிருக்கும், மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில் இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் புள்ளிகள் எல்லாம் அரைப்புள்ளிகளாக நிற்கும். எல்லாக் கணினிகளும் படிக்கும் பொது எழுத்துமுறையான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் கருவி ஒன்றில் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. ஆனால் 'மௌனம்' என்ற சொல்லைத் தேடினால் கிடைக்கவில்லை. கண்ணுக்கு நேரே திரையில் இருக்கிறது, தேடலுக்கு இல்லை. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. அத்தகைய இடங்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். 'மெள்ள' போன்ற சொற்களில் ளகரம் மெய்யாகவே ளகரம் என்பதால் மொத்தமாக மாற்றிவிட முடியவில்லை.

மீதிப் பாடங்களை மதுரைத் திட்டத்தின் மின்னூலோடு ஒப்பிட்டுக்கொண்டேன். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் தன்னார்வத் திட்டம் உலகத் தமிழர்கள் பலர் சேர்ந்து நடத்துவது. பெயரில் மட்டும்தான் எங்கள் ஊர் இருக்கிறது. மதுரைக்காரனுக்கு அதிலும் ஒரு பெருமை.

அடுத்து வந்த சிக்கலுக்கு எந்த மென்பொருளிலும் விடை இல்லை. எங்கள் திருப்பரங்குன்றத்துப் பாட்டான 'சந்ததம் பந்தத் தொடராலே' மூன்றாவது வரியில் 'கந்தனென் றென்றுற் றுனைநாளும்' என்று அச்சாகியிருக்கும். சந்தத்துக்காகச் சீர் பிரித்த வடிவம் இது. பொருளுக்காகப் பிரித்தால் 'கந்தன் என்று என்று உற்று உனை நாளும்' என்று வரும். திரையில் எதைக் காட்டுவது? தமிழில் எந்தச் சொல்லும் றகரத்தில் தொடங்காது; 'றென்றுற்', 'றுனைநாளும்' என்று தொடங்கும் துண்டுகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடும் திரையில் படிப்பது சிரமம். பிரித்துப் போட்டாலோ பாடுகிறவர் 'என்று, என்று' என உகரத்தை முழுதாக உச்சரித்து நிறுத்தி, தாளத்தைத் தவறவிடுகிறார். இரண்டு விதமாகவும் கோப்பு தயாரித்து அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை பாடிப் பார்த்துவிட்டு, "புத்தகத்துல இருக்க மாதிரியே போடுய்யா. பிரிச்சா அர்த்தம் புரியுது, பாட்டு நொண்டுது" என்றார். சீர் பிரித்த வடிவமே நிலைத்தது. பொருள் பிரித்த வடிவத்தைப் பாட்டு தொடங்குவதற்கு முந்தைய ஆர்மோனிய வாசிப்பின்போது ஒருமுறை காட்டிவிடுகிறேன். அது என் பிடிவாதம்.

இதே காரணத்தால் சொல்லுக்குச் சொல் நேரம் குறிக்கும் முயற்சியையும் கைவிட்டேன். விரிவாக்கிய எல்ஆர்சி வடிவத்தில் ஒரு வரிக்குள்ளேயே கோண அடைப்பில் நேரம் போட்டு, பாடப்படும் சொல்லை மட்டும் ஒளிரச் செய்யலாம். ஆனால் 'கந்தனென் றென்றுற்' என்பதில் ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று நான் எதை வைத்துத் தட்டுவது? ஒலியிலிருந்து எழுத்தெடுக்கும் மென்பொருள் ஒன்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஜால்ராச் சத்தத்துக்கு நடுவே அது தானாகவே ஏதோ ஒரு புதுப் பாட்டை இயற்றிக் கொடுத்தது.

மாசி, கடைசி வாரம்

முதல் முறையாகச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் போட்டுப் பார்த்தோம். கைப்பேசியில் மியூசிகோலெட் செயலி, எழுத்தளவு உச்சத்தில். முதல் பாட்டின் முதல் வரி வரவே இல்லை. காரணம் பிறகு தெரிந்தது: நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேர்ந்துகொண்டது, வரியின் தொடக்கத்தில் சதுர அடைப்பை எதிர்பார்த்த செயலி அந்த வரியைத் தாண்டிப்போய்விட்டது. அந்தக் குறி இல்லாத யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் போதும்.

பெரிய பாடம் அம்மாவிடமிருந்து வந்தது. நான் வரிகளைக் குரல் தொடங்கும் நொடியோடு ஒட்டி, ஆடாசிட்டியின் அலை வடிவத்தைப் பெரிதாக்கி, நூற்றில் ஒரு பங்கு நொடி வரை இழைத்து வைத்திருந்தேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அவுங்க பாட ஆரம்பிச்சப்புறம் வரி வந்தா, நான் எப்பய்யா படிச்சு எப்பப் பாடுறது?" கேட்பவருக்கான நேரமும் கூடப் பாடுபவருக்கான நேரமும் ஒன்றல்ல. அரை நொடி முந்திக் காட்டியது போதவில்லை. ஒன்றரை நொடி முந்தினால் முந்தைய வரியின் கடைசிச் சீரைப் பாடும்போதே அந்த வரி போய்விடுகிறது. இப்போது எல்லாவற்றையும் 0.8 நொடி முன்னால் வைத்திருக்கிறேன். அதிவேகச் சந்தங்களில் மட்டும் 0.5.

இன்னும் இரண்டு திருத்தங்கள். அப்பா ஒரு வரியைப் பாட, கூட்டம் அதைத் திருப்பிப் பாடும் இடங்களில் வரியை இரண்டு முறை போட்டிருந்தேன். திரை நகர்ந்ததைப் பார்த்து அத்தைமார் இருவர் அடுத்த வரிக்குத் தாவிவிட்டார்கள். இப்போது ஒருமுறைதான் போடுகிறேன், திருப்பிப் பாடி முடியும் வரை அது நிற்கும். ஆர்மோனியம் தனியாக வாசிக்கும் இடத்தில் நேரத்தை மட்டும் குறித்து வரியை வெறுமையாக விட வேண்டும். இல்லாவிட்டால் பழைய வரி திரையிலேயே நின்று, யாராவது ஒருவர் அதை மறுபடியும் பாடத் தொடங்கிவிடுகிறார். அன்று அதுவும் நடந்தது.

பங்குனி

கூட்டத்தில் மற்றவர்களும் கேட்டதால் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பாட்டு போனது, பக்கத்துக் கோப்பில் இருந்த வரி போகவில்லை. ஆகவே வரிகளைப் பாட்டுக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிட்டேன். பாட்டின் பெயர், பாடியவர் போன்ற விவரங்களைத் தாங்கும் எம்பி3 கோப்பின் ஐடி3 குறிப்புகளில் நேரமில்லா வரிகளுக்கு ஓர் இடமும், நேரத்தோடு கூடிய வரிகளுக்கு வேறோர் இடமும் உண்டு. நடைமுறையில் எல்ஆர்சி எழுத்தை அப்படியே முதல் இடத்தில் ஒட்டுவதுதான் எங்கள் கைப்பேசிகளில் வேலை செய்கிறது. பாட்டாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மூலப் பதிவுகள் ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வடிவில் தனியாக இருக்கின்றன. அவற்றில் லிரிக்ஸ் என்ற குறிப்பிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது.

ஆறு கேசட்டுகளில் மொத்தம் 54 பாட்டுகள். 43 முடிந்தன. மீதியில் ஒன்று இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டிருந்தது: நான்காவது கேசட்டின் பி பக்கத்தில், அப்பா ஐந்தாம் வரியை மறந்து மூன்றாம் வரிக்கே திரும்பிவிடுகிறார், பின்பாட்டுக்காரர்கள் ஒரு கணம் தடுமாறி அவரோடு சேர்ந்துகொள்கிறார்கள். புத்தகத்தில் உள்ளபடி ஐந்தாம் வரியைப் போட்டால் திரையும் குரலும் பொருந்தவில்லை. அதை வெட்டி, வேறோர் இடத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். வேண்டாம் என்றார். அந்த ஒரு கோப்பில் மட்டும் மூன்றாம் வரிக்கு இரண்டு நேரங்கள் இருக்கின்றன, ஐந்தாம் வரி இல்லை. செவ்வாய்க்கிழமையன்று அந்த இடம் வந்ததும் எல்லாரும் தவறாமல் மூன்றாம் வரியைப் பாடுகிறார்கள்.