இரண்டாவது சப்வூஃபர் வைத்தேன், பேஸ் குறைந்துவிட்டது

மூன்று மாதம் ஆசாரி பின்னால் அலைந்து இரண்டாவது சப்வூஃபருக்கு (தாழ்ந்த ஒலிக்கு மட்டுமான ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) பெட்டி வாங்கி, டிரைவரை (பெட்டிக்குள் ஒலி எழுப்பும் ஸ்பீக்கர் பாகம்) மாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவிட்சைப் போட்டால், கூட வேண்டிய பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, குறைந்துவிட்டது. முதலில் வயர் கழன்றிருக்கும் என்று நினைத்தேன். கோன் மேல் விரலை வைத்துப் பார்த்தால் நன்றாகவே அசைகிறது. பழைய சப்பும் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து ஓடும்போது மட்டும் சோபாவில் உட்கார்ந்தால் பாட்டில் சத்தே இல்லை. இரண்டு வருடமாக ஒற்றை சப் ஹாலையே குலுக்கிக்கொண்டிருந்தது. டியூப்லைட் பின்னால் குடியிருக்கும் பல்லி, பேஸ் கிடார் வந்தால் இடத்தை மாற்றிக்கொள்ளும். அன்றைக்கு அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் செட்டப்பைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்), சப்புக்கென்று தனி அவுட் கிடையாது. ஐந்து அங்குல வூஃபர் வைத்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, முழு ரேஞ்சில் ஓடுகிறது. டிவி சுவரில் ரெடிமேடாக வாங்கிய பத்து அங்குல சப், ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்தே ஹை லெவல் இன்புட்டில் (ஸ்பீக்கர் வயரையே நேராக ஏற்கும் நுழைவு) எடுத்தது. ஹால் 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. புதுப் பெட்டியைச் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைக்க அதை ஒன்றரை அடி முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. இதற்கு வீட்டில் வாங்கிய பேச்சு தனிக் கதை.

அன்று மதியம் யூமிக்-1 என்ற அளவு மைக்கை சோபாவில் தலை இருக்கும் உயரத்தில் நிறுத்தி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருளில் ஸ்வீப் (தாழ்விலிருந்து ஏறிக்கொண்டே போகும் சோதனை ஒலி) ஓட்டினேன். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். மே மாதம், மூடிய ஹால். ஒவ்வொரு ஸ்வீப்புக்கும் ஒரு துண்டு நனைந்தது. கிராஃபைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முன் சப் மட்டும் ஓடும்போது 41 ஹெர்ட்ஸில் ஒரு மலை, சுற்றியுள்ளதைவிட 11 டெசிபல் உயரம். பின் சப்பும் சேர்ந்ததும் அந்த மலை காணாமல் போயிருந்தது. அதோடு 70 ஹெர்ட்ஸ் பக்கத்தில் புதிதாக ஒரு பள்ளம்.

மலை எங்கிருந்து வந்தது என்பது எளிய கணக்கு. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். 14 அடி என்றால் 4.27 மீட்டர். அரை அலை இந்த நீளத்துக்குள் கச்சிதமாக உட்காரும் அதிர்வெண், 349-ஐ 8.54-ஆல் வகுத்தால் 40.9. அந்த அதிர்வெண்ணில் ஹாலின் இரண்டு முனைச் சுவரிலும் அழுத்தம் உச்சம், நட்டநடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நான் உட்கார்ந்தது உச்சத்தில். பேஸ் கிடாரின் தடித்த கம்பியை வெறுமனே மீட்டினால் வருவது 41.2 ஹெர்ட்ஸ். ஆக, எண்பதுகளின் பாட்டுகளில் அந்த ஈ (E) கம்பி தொடப்பட்டபோதெல்லாம் என் ஹால் குலுங்கியிருக்கிறது. அதை நான் பேஸ் என்று நம்பி, வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிப் பெருமையும் பட்டிருக்கிறேன். என் மச்சான் ஒருமுறை "எல்லாப் பாட்டுலயும் ஒரே மாதிரி டொம்முனு வருதே மாமா" என்றபோது, உனக்குக் காது சரியில்லை என்றேன். அவனுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி.

முன்சுவரில் ஒன்று, பின்சுவரில் ஒன்று வைத்தால் இந்த முதல் அலையை இரண்டும் எதிரெதிராகத் தள்ளி அமுக்கிவிடும். நான் வேண்டுமென்று செய்யவில்லை. பின்னால்தான் இடம் இருந்தது, வைத்தேன். வெல்ட்டி என்பவர் ஹார்மன் ஆடியோ கம்பெனியில் இருந்தபோது 2002-இல், எத்தனை சப், எங்கெங்கே என்று ஆராய்ந்து எழுதினார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று என்பது அவர் நல்லதென்று சொன்ன ஏற்பாடுகளில் ஒன்று. படித்தது ஞாபகம் இருந்தது, மலை காணாமல் போனால் காதுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பதுதான் உறைக்கவில்லை.

இன்னொன்று. அமெரிக்காக்காரர்கள் எழுதும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைச் சுவர். தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கு அதிலேயே கரைந்தும் கசிந்தும் போய்விடும். நமக்கு ஒன்பது அங்குலச் செங்கல், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். போட்ட பேஸ் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். சுவரில் முட்டை அட்டை ஒட்டு, ஃபோம் ஒட்டு என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 41 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கே ஏழு அடி. இரண்டு அங்குல ஃபோம் அதை என்ன செய்யும்?

சரி, 70-இல் விழுந்த பள்ளம். என் மூன்று வாரத்தைத் தின்றது இதுதான். சோபாவிலிருந்து ஸ்பீக்கர்கள் மூன்று மீட்டர், பின் சப் எழுபது சென்டிமீட்டர். வித்தியாசம் 2.3 மீட்டர், அதாவது 6.6 மில்லி செகண்ட். 70 ஹெர்ட்ஸில் ஒரு அலை முடிய 14.3 மில்லி செகண்ட். கிட்டத்தட்ட பாதி அலை முந்திக்கொண்டு வருகிறது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. சப்பின் அலையை முன்பின் நகர்த்தும் ஃபேஸ் குமிழைத் திருப்பி ஈடுகட்டலாம் என்று கணக்குப் போட்டு வைத்தால், பள்ளம் இடம் மாறியதே தவிர நிரம்பவில்லை. சப்பில் உயர்ந்த ஒலியை வெட்டும் லோ பாஸ் ஃபில்டர் தன் பங்குக்கு ஒரு தாமதம் வைக்கும். ஸ்பீக்கரும் கீழே சரியத் தொடங்கும் இடத்தில் தன் ஃபேஸைத் திருப்பும். காகிதக் கணக்கு இங்கே செல்லாது.

காதால் உச்சத்தைத் தேடிப் பிடிப்பதும் கஷ்டம். குமிழ் உச்சத்தை நெருங்கும்போது பத்து டிகிரி அப்படி இப்படிப் போனாலும் வித்தியாசமே தெரியாது. அதனால் தலைகீழாகச் செய்ய வேண்டும். மெயின் ஸ்பீக்கர் இரண்டின் பின்னாலும் சிவப்பு கறுப்பு வயரை மாற்றிப் போட்டேன். (சப்பின் ஹை லெவல் பக்கம் மாற்றாதீர்கள். உள்ளே கிரவுண்ட் பொதுவாக இருந்தால் ஆம்ப் அவுட்புட் ஷார்ட் ஆகிவிடும்.) முன் சப்பை அணைத்துவிட்டு 70 ஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டு, பின் சப்பின் குமிழை மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் சத்தம் சட்டென்று செத்துப்போகும். உச்சம் மழுங்கல், பள்ளம் ஊசி முனை. அந்த இடத்தில் குமிழை விட்டுவிட்டு வயரைப் பழையபடி மாற்றினால், எங்கே அதிகம் அடித்துக்கொண்டதோ அங்கேயே அதிகம் கூடிக்கொள்ளும்.

சொல்ல எளிது. குமிழ் பெட்டியின் பின்பக்கம் பிளேட் ஆம்பில் (பெட்டியிலேயே பதித்த ஆம்ப்), பெட்டி சுவரை ஒட்டி. சோபாவுக்குப் பின்னால் பையன் குப்புறப் படுத்துக் கையை மட்டும் நுழைத்துத் திருப்ப, நான் மைக் அளவைப் பார்த்துக் கத்த வேண்டும். 78 டெசிபலில் தொடங்கி 75, 71 என்று இறங்கியது. "நிறுத்து, நிறுத்து, ஒரு முடி பின்னால வா" என்றேன். "முடின்னா எவ்வளவுப்பா? கை மரத்துப்போச்சு" என்றான். 63-க்கு வந்ததும் குமிழின் கோட்டுக்கு நேராக மார்க்கரில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். மணி முள்ளாக நினைத்தால் ஒன்றரை. என் கணக்கு சொன்ன இடம் நான்கு மணிப் பக்கம். வயரை மாற்றி, முன் சப்பையும் போட்டு ஸ்வீப் ஓட்டினால் 70-இல் இருந்த 13 டெசிபல் பள்ளம் மூன்றாகியிருந்தது. பையனுக்கு இரண்டு பரோட்டா பார்சல்.

பெட்டியைப் பற்றிக் கேட்பீர்கள். 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், வெளியே 40 சென்டிமீட்டர் கன சதுரம், உள்ளே 48 லிட்டர், பிரேஸும் (உள்ளே தாங்கும் கட்டை) டிரைவரும் போக 45 நிற்கும். சீல்டு, அதாவது துளையில்லாமல் மூடியது. ஆசாரிக்கு அலமாரி கைவந்த கலை, காற்றுப் புகக் கூடாது என்றால் "அரிசி டின்னா சார்?" என்று சிரித்தார். எல்லா மூலையிலும் ஃபெவிகாலோடு மரத்தூள் குழைத்து அப்ப வைத்தேன். டிரைவருக்காகச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு நாள் அலைந்ததுதான் வீண். ஒரு கடையில் எஃப்எஸ், க்யூடிஎஸ் (டிரைவரின் குணத்தைச் சொல்லும் எண்கள்) என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாது சார், செமயா அடிக்கும்" என்று 1500 வாட் என்று அச்சிட்ட கார் சப் ஒன்றை எடுத்து வைத்தார்கள். பாரமீட்டர் தாள் இல்லாமல் பெட்டி அளவை எதை வைத்துப் போடுவது? கடைசியில் தாளோடு கிடைத்த பன்னிரண்டு அங்குல டிரைவரை ஆன்லைனில் வாங்கினேன். அதே தெருவில் பிளேட் ஆம்ப்பும், பனானா பிளக்கும் நியாயமான விலையில் கிடைத்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

'ம்ம்' என்று இரையும் ஹம் பிரச்சினையும் வந்தது. பின்சுவர் பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது எனக்குத் தெரியாது. முன்பக்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்தே எல்லாவற்றுக்கும் கரன்ட் எடுத்ததும் அடங்கிவிட்டது. எர்த் பின்னை உடைத்துவிடு, ஹம் போய்விடும் என்றார் தெரிந்தவர் ஒருவர். அந்த வேலையே வேண்டாம்.

இப்போது கேட்டால், பேஸ் கிடார் ஒவ்வொரு சுரமாக நடந்து போவது தெரிகிறது. தவிலின் தொப்பிப் பக்கம் அடி விழுந்ததும் நின்றுவிடுகிறது, முன்பு போல் வால் நீளவில்லை. ஆனால் புதுத் தொல்லை: மலை அமுங்கியதும் தைரியமாக வால்யூம் ஏற்றுகிறேனா, 52 ஹெர்ட்ஸில் ஷோகேஸ் கண்ணாடியும் 36 ஹெர்ட்ஸில் இரும்பு பீரோ கதவும் அதிர்கின்றன. கண்ணாடிக்கு ரப்பர் வாஷர் வைத்தாயிற்று. பீரோ சாவி மனைவியிடம் இருக்கிறது, உள்ளே என்ன ஆடுகிறது என்று பார்க்க அனுமதி கிடைக்கவில்லை.

82 ஹெர்ட்ஸில் ஒரு சின்ன மேடு இன்னும் நிற்கிறது. நீளவாக்கில் முழு அலை உட்காரும் இடம் அது. இரண்டு முனையிலும் சப் வைத்தால் அது அமுங்காது, கூடத்தான் செய்யும். லோ பாஸை 60-க்கு இறக்கிப் பார்க்க வேண்டும். பழைய சப் போர்ட்டட் (பெட்டியில் காற்றுத் துளை உள்ளது), புதியது சீல்டு என்பதால் 30-க்குக் கீழே இரண்டும் ஒத்துப்போவதில்லை. அதனால் இன்னொரு 40 சென்டிமீட்டர் பெட்டிக்கு ஆசாரியிடம் முன்பணம் கொடுத்துவிட்டேன். முதல் பெட்டிக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, வலையும் மாட்டவில்லை. இதை எழுதும்போது அதன் மேல் மடித்த துணி அடுக்கியிருக்கிறது.